டிரைவர் அண்ணனின் முதுகுவலி

நாற்காலியில் உட்கார்ந்ததும் கண்ணாடியைத் திருப்புவார். சட்டைக் கையால் ஒரு துடை, விரலால் மேலே ஒரு தட்டு, கீழே ஒரு தட்டு. வாசல் கதவு, தண்ணீர்ப் பானை, அலமாரி, மேலாளரின் அறை எல்லாம் அதில் தெரிந்தாக வேண்டும். பிறகு கை தானாகத் தோளுக்கு மேலே போய் சீட் பெல்ட்டைத் தேடும். அலுவலக நாற்காலிக்கு ஏது பெல்ட்? போன கையை வீணாக்காமல் காதைச் சொறிந்துகொண்டு கீழே இறக்குவார். அதற்குப் பிறகுதான் எங்களைப் பார்த்து, "வந்துட்டீங்களா எல்லாரும்?" என்பார்.

அந்தக் கண்ணாடி முன்பு லாரியில் இருந்தது. மேசை விளிம்பில் கம்பியால் முறுக்கிக் கட்டி வைத்திருக்கிறார். அவருக்கு நேர் பின்னால் என் மேசை. நான் நிமிர்ந்தால் அந்தக் கண்ணாடிக்குள் அவருடைய இரண்டு கண்களும் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கும். அவர் இந்த மேசைக்கு வந்த புதிதில் நான் கேட்டேவிட்டேன்.

"எதுக்குண்ணே இது?"

"பின்னாடி என்ன வருதுன்னு தெரியாம எப்படிம்மா உக்கார்றது?"

"பின்னாடி நான்தானே இருக்கேன். வேற என்ன வரப்போகுது?"

"அதுக்குத்தான் பயப்படுறேன்" என்றார். சிரிக்கவில்லை. அவர் கேலி செய்யும்போதும் முகம் பயந்த மாதிரியேதான் இருக்கும். நிஜமாகவே பயந்திருக்கும்போதும் அதே முகம்தான் என்பதால் எங்களுக்கு வித்தியாசம் தெரியாமல் போய்விட்டது.

எங்களுடையது சரக்கு ஏற்றி அனுப்பும் அலுவலகம். முன்னால் ஒரே கூடம், அதில் ஐந்தாறு மேசைகள். பின்னால் லாரிகள் நிற்கும் முற்றம். நான் பில் போடுகிறேன். அவர், எந்த லாரி எங்கே போகிறது என்று திரையில் பார்த்து, ஓட்டுநர்களோடு போனில் பேசி, சரக்கு போய்ச் சேரும் வரை பொறுப்பாக இருக்கும் வேலைக்கு வந்திருக்கிறார். அதற்கு முன்பு இதே நிறுவனத்தின் லாரியை மீசை முளைத்த காலத்திலிருந்து தலை நரைக்கும் வரை ஓட்டியவர். "இன்னும் என்ன டிரைவரு? அதான் எறங்கியாச்சே!" என்று சலித்துக்கொள்வார். ஆனால் யாராவது மரியாதைக்கு 'சார்' என்று கூப்பிட்டால் வேறு யாரையோ என்று நினைத்து வாசலைப் பார்ப்பார். டிரைவர் அண்ணன் என்றால்தான் திரும்புவார்.

இறங்கியாச்சு என்பது வாய்ப்பேச்சுதான். டீ குடிக்க முற்றத்துக்குப் போனால், கையில் டம்ளரோடு நிற்கிற வண்டிகளை எல்லாம் ஒரு சுற்றுச் சுற்றி டயரை ஒவ்வொன்றாக உதைத்துப் பார்ப்பார். லாரி என்றில்லை. மேலாளரின் கார், கடிதம் கொண்டு வருபவரின் இருசக்கர வண்டி எதற்கும் விலக்கில்லை. தினமும் பஸ்ஸில் ஓட்டுநருக்குப் பின் சீட்டில் உட்கார்ந்துதான் வருகிறார். வரும் வழி முழுக்க அவர் காலும் பிரேக் போட்டுக்கொண்டே வரும். ஒருநாள் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு நொண்டியபடி உள்ளே வந்தார். "நான் மட்டும் அந்த வளைவுல பிரேக் போடலேன்னா உங்கள்ல பாதிப் பேரு இன்னிக்கு வேலைக்கே வந்திருக்க மாட்டீங்க" என்று அந்த பஸ்ஸில் வந்த எங்களையெல்லாம் பார்த்துச் சொன்னார்.

அவருடைய வீடு என் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி. அண்ணி வீட்டிலேயே திரைச்சீலை, தலையணை உறை தைத்துக் கொடுப்பவர். ஒரு திரைச்சீலை வாங்கப் போனபோது, அண்ணி தையல் மெஷினை ஜன்னல் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தார். அண்ணன் உதவி செய்யவில்லை. பின்னால் நின்றுகொண்டு சுவரைத் தட்டி, "வா... வா... வரலாம்... ஒடி, லெஃப்ட்ல ஒடி... போதும், நிப்பாட்டு!" என்று வழி சொல்லிக்கொண்டிருந்தார். அண்ணி மெஷினை விட்டுவிட்டு இடுப்பில் கைவைத்து என்னைப் பார்த்தார்.

"கல்யாணமான நாள்லேர்ந்து மொத்தமா கூட்டினாலும் இவர் இவ்ளோ நாள் வீட்ல இருந்ததில்ல. இப்ப வீட்ல எங்க திரும்பினாலும் இவர் குறுக்க நிக்கிறார். பார்க்கிங் பண்ண எடம் பத்தல."

சொல்லும்போது அண்ணியின் முகத்தில் சந்தோஷம் தாங்கவில்லை. இத்தனை வருடம் போன் மணிக்காகக் காத்துக்கிடந்த முகம் அது. அவர் குறுக்கே நிற்பதைவிட அண்ணிக்கு வேறென்ன வேண்டும்.

அண்ணன் லாரியைவிட்டு இறங்கியதற்குக் காரணம் முதுகுவலி. அப்படித்தான் நிறுவனத்தில் சொன்னார், வீட்டில் சொன்னார், எங்களிடமும் சொன்னார். நீண்டதூரம் ஓட்டுகிறவர்களுக்கு முதுகு போவது சகஜம் என்பதால் யாரும் துருவவில்லை. அண்ணி திரைச்சீலைத் துண்டுகளை ஒட்டுப்போட்டு, உள்ளே பஞ்சு திணித்து ஒரு மெத்தை தைத்து, "நாற்காலியில முதுகுக்கு வெச்சுக்கணும், மறக்கக்கூடாது" என்று கொடுத்தனுப்பினார். பூவும் கோடும் கட்டமுமாக அது எங்கள் அலுவலகத்திலேயே அழகான பொருள். தினமும் படுக்கப் போகும் முன் அவருக்கு முதுகில் தைலம் தேய்த்துவிடுவதும் அண்ணிதான். காலையில் அவர் உள்ளே நுழைந்தால் அந்த நெடி அவருக்கு முன்னால் வந்து உட்காரும்.

ஒன்றை நான் கவனித்திருந்தேன். அந்த மெத்தையில் அவர் ஒருநாளும் சாய்ந்ததில்லை. நாற்காலியின் நுனியில், ஸ்டீயரிங்கைப் பிடிக்கப் போகிறவர் மாதிரி முன்னால் குனிந்தே உட்காருவார். பின்னால் மெத்தை கடையிலிருந்து வந்த மாதிரி உப்பலாகவே இருக்கும். முதுகு வலிக்கிறவர் ஏன் சாயமாட்டேன் என்கிறார் என்று தோன்றும். கேட்டால், "சாஞ்சா தூக்கம் வந்துரும்மா" என்பார். அதையும் கேலி என்றே எடுத்துக்கொண்டேன்.

வலி பொய் என்பது இப்போது எங்கள் எல்லாருக்கும் தெரியும். அது தெரிந்த விதத்தைத்தான் சொல்ல வருகிறேன்.

அவர் மேசையில் இருக்கும் திரையில் ஒரு வரைபடம். அதில் எங்கள் லாரி ஒவ்வொன்றும் ஒரு புள்ளி. நகர்ந்தால் பச்சை, நின்றால் சிவப்பு. நாங்கள் எல்லாரும் சிவப்பைப் பார்த்தால் பதறுவோம், சரக்கு தாமதம் என்று. அவர் பச்சையைப் பார்த்துப் பதறுவார். எந்தப் புள்ளியாவது நெடுநேரம் நிற்காமல் நகர்ந்துகொண்டே இருந்தால் நகத்தைக் கடிக்கத் தொடங்கிவிடுவார். அதிலும் ஒரு புள்ளி இருந்தது. அது அவர் ஓட்டிய பழைய லாரி. இப்போது அதை ஓட்டுவது அண்ணியின் தம்பி. அண்ணன் இறங்கியதும், "அந்த வண்டிய என் தம்பிக்குக் கேளுங்களேன், அவனுக்கும் ஒரு வழி பொறந்த மாதிரி இருக்கும்" என்று அண்ணி சொல்ல, இவர் போய் மேலாளரிடம் பேசி வாங்கிக் கொடுத்திருக்கிறார். கைக்குழந்தைக்காரன். வேலை வாங்கிக் கொடுத்த நாளிலிருந்து இவருக்குச் சோறு இறங்குவதில்லை. சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு திரையையே பார்ப்பார். நான் சாப்பிட்டுக் கைகழுவி வந்த பிறகும் டப்பா அப்படியே இருக்கும்.

"அண்ணே, பாத்துக்கிட்டே இருந்தா மட்டும் வண்டி ஓடிருமா?"

"ஓடுதேன்னுதான் பாக்குறேன்" என்பார்.

அவரை இன்னும் நிரந்தரமாக எடுக்கவில்லை. சோதனையாக வைத்துப் பார்க்கிறார்கள். பார்த்தவரைக்கும் மேலாளருக்குத் திருப்தியில்லை. ஏற்கெனவே ஓட்டுநர்கள் சிலரை நடுவழியில் ஓரம்கட்டித் தூங்கச் சொல்லி, சரக்கு தாமதமாகி, வாடிக்கையாளர்கள் கத்தித் தீர்த்துவிட்டார்கள். மேலாளர் வயதில் சின்னவர், கெட்டவரில்லை, மேலே இருப்பவர்களுக்குப் பதில் சொல்லியாக வேண்டியவர். ஒருநாள் பொறுக்கமுடியாமல் எங்கள் எதிரிலேயே கேட்டுவிட்டார்.

"அண்ணே, நீங்க வண்டிய அனுப்புறதுக்கு வந்திருக்கீங்களா, நிறுத்துறதுக்கு வந்திருக்கீங்களா? இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா என்னால ஒண்ணும் செய்ய முடியாது."

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு கண்ணாடியைத் துடைத்தார். இந்த வேலையும் போனால் திரும்ப லாரி ஏறுவதைத் தவிர அவருக்கு வேறு தொழில் தெரியாது. அதை நினைத்தாலே அவருக்கு நடுங்கியது என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது.

போன வாரம், சாப்பாடு முடிந்து கூடமே மந்தமாக இருந்த நேரம். மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. நான் கொட்டாவியை விழுங்கிக்கொண்டு பில் போட்டுக்கொண்டிருந்தேன். கண்ணாடிக்குள் பார்த்தால் அண்ணனின் கண்கள் திரையில் ஒட்டிக்கொண்டிருந்தன. மச்சினனின் புள்ளி. காலையில் சரக்கு இறக்கிய இடத்தில் படுத்துத் தூங்கிவிட்டுத்தான் திரும்பவேண்டும். புள்ளி அங்கே நிற்கவே இல்லை. இறக்கியதும் அப்படியே திரும்பி, வரும் வழியில் ஏற்றவேண்டியதையும் ஏற்றிக்கொண்டு பச்சையாக வந்துகொண்டிருந்தது.

அவர் போனை எடுத்தார். எடுத்தார் என்றால், பொத்தானை அழுத்தி மேசையில் வைத்தார். கை இரண்டும் சும்மா இருந்தால்தான் அவருக்குப் பேச வரும். காதில் வைத்துப் பேசி அவருக்குப் பழக்கமில்லை. அதனால் அவர் பேசுவதும் அந்தப் பக்கம் பேசுவதும் கூடம் முழுக்கக் கேட்கும்.

"மாப்ள, எங்க வர்ற?"

லாரி இரைச்சல். அதற்குப் பிறகு, கொஞ்சம் கழித்து, "வந்துக்கிட்டிருக்கேன் மாமா."

"தூங்குனியா?"

மறுபடி வெறும் இரைச்சல். "தூங்குனேன் மாமா."

"எங்க தூங்குன? வண்டி நிக்கவே இல்லையே. எங்கிட்டயே கதை விடுறியா? ஓரம் கட்டு."

"சாயங்காலத்துக்குள்ள வீட்டுக்கு வந்துடறேன்னு சொல்லிட்டேன் மாமா. புள்ளையப் பாத்து ரொம்ப நாளாச்சு. நல்லாத்தான் இருக்கேன். தண்ணி தெளிச்சுக்கிட்டேன், ஜன்னலத் தொறந்து வெச்சிருக்கேன், பாடிக்கிட்டே வர்றேன்."

"பாட ஆரம்பிச்சிட்டியா?" அண்ணனின் குரல் மாறிவிட்டது. "மாப்ள, சொல்றதக் கேளு. ஓரம் கட்டு."

இந்த முறை பதில் வர இன்னும் நேரமானது. "...பாலம் வரப்போகுது மாமா. அதைத் தாண்டிட்டு நிறுத்துறேன்."

மேலாளர் அறைக் கதவு திறந்தது. சத்தம் கேட்டு வெளியே வந்து நின்றார். அண்ணன் கண்ணாடியில் அவரைப் பார்த்தார். எனக்கு நன்றாகத் தெரியும், பார்த்தார். பார்த்துவிட்டுத்தான் சொன்னார்.

"எனக்கு முதுகுவலியே கிடையாதுடா."

கூடத்தில் எல்லாரும் நிமிர்ந்தோம்.

"என்ன மாமா?"

"முதுகுல ஒண்ணுமில்ல. நான் எதுக்கு எறங்கினேன்னு கேளு. நீ சொல்ற அந்தப் பாலத்த நானும் தாண்டியிருக்கேன். பட்டப்பகல்ல. சாப்பிட்டுட்டு, தண்ணி தெளிச்சுக்கிட்டு, பாடிக்கிட்டுத்தான் வந்தேன். பாலத்துக்கு முன்னாடி ஒரு மஞ்சள் போர்டு இருக்கே, அதப் பாத்தது ஞாபகம் இருக்கு. அடுத்தது பாலம் முடிஞ்சு வர்ற வேப்பமரம். நடுவுல ஒண்ணுமே இல்லடா. கண்ணு தொறந்துதான் இருந்துச்சு. கை ஸ்டீயரிங்லதான் இருந்துச்சு. நான்தான் இல்ல."

இரைச்சல்.

"வண்டிய மரத்தடியில நிப்பாட்டிட்டுத் திரும்பி நடந்து போனேன். அந்தப் பாலம் முழுக்க, தரையப் பாத்துக்கிட்டே நடந்தேன். யாரையாவது அடிச்சிருந்தா? சைக்கிள்ல போற புள்ளைங்க யாராவது? கைப்பிடிச் சுவரு, ஓரம், கீழ தண்ணி, எல்லாம் எட்டிப் பாத்தேன். வண்டி முன்னாடி வந்து பம்பரைக் கையால தடவிப் பாத்தேன். ஒண்ணுமில்ல. ஒரு கீறல் இல்ல. எனக்கு அதுதாண்டா தாங்கல. எதுத்தாப்புல யாரு வந்தாங்க, யாரு பொழச்சாங்கன்னு எனக்குத் தெரியவே தெரியாது. அன்னிக்கு எறங்கினவன்தான்."

"மாமா..."

"இதச் சொல்லாம அந்தச் சாவிய உங்கையில குடுத்தேன். அது வேற தெனம் அறுக்குது. மாப்ள, உன் கால்ல விழறேன்னு வெச்சுக்க. ஓரம் கட்டுடா."

நான் எழுந்து அவருக்குப் பின்னால் போய் நின்றிருந்தேன். எல்லாருமே வந்து நின்றிருந்தோம். புள்ளி பச்சையாக நகர்ந்துகொண்டிருந்தது. வரைபடத்தில் நீலக்கோடாக ஆறு தெரிந்தது. அதற்கும் புள்ளிக்கும் நடுவே ஒரு விரல் இடம்கூட இல்லை. அண்ணனின் வலது கால் மேசைக்கடியில் தரையை மிதித்துக்கொண்டிருந்தது. செருப்பு கழன்று கிடந்தது, வெறும் காலால் மிதித்துக்கொண்டிருந்தார்.

புள்ளி சிவப்பானது.

நின்றாலும் சிவப்பு, மோதினாலும் சிவப்புதானே. திரைக்கு இரண்டும் ஒன்றுதான். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் திரையைப் பார்க்கவே இல்லை, போன் பக்கம் காதைச் சாய்த்து வைத்திருந்தார். அதிலிருந்து 'புஸ்ஸ்' என்று காற்று பீச்சும் சத்தம் வந்தது. நிறுத்திய லாரியில் ஹேண்ட்பிரேக் போடும்போது வருமே, அது. இஞ்சின் அடங்கியது. எங்கோ ஒரு காக்கை கத்தியது வரை கேட்டது.

"நிறுத்திட்டேன் மாமா. அக்காவுக்குத் தெரியுமா இது?"

"தெரியாது. எறங்கி சக்கரத்துக்குக் கட்டை வெச்சுட்டுப் படு. நானா கூப்பிடுற வரைக்கும் எந்திரிக்காத."

பொத்தானை அழுத்தப் போன கை பொத்தானைத் தேடி மேசையெல்லாம் தடவியது. நான்தான் அழுத்தி அணைத்தேன். மேலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "மறுபடியும் லேட்டு" என்றார், யாரிடம் சொல்கிறார் என்று தெரியாத மாதிரி. பிறகு, "வாடிக்கையாளர்கிட்ட நான் பேசிக்கறேன். உங்க விஷயம் அப்புறம் பேசலாம்" என்று உள்ளே போய்விட்டார். அந்த 'அப்புறம்' இதை எழுதும் வரைக்கும் வரவில்லை. அவருக்கு வேலை நிற்குமா என்று எங்களில் யாருக்கும் தெரியாது.

மறுநாள் எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். தைல நெடி இல்லை. கண்ணாடியைத் திருப்பவும் இல்லை போல. அது உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"அண்ணிக்குத் தெரிஞ்சிருச்சா?"

"தம்பிக்காரன் வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் மொத வேலையா அக்காவுக்குப் போனப் போட்டு ஒப்பிச்சிட்டான்."

"திட்டினாங்களா?"

"திட்டியிருந்தா பரவால்லம்மா. ஒரு வார்த்தை பேசல. தைலம் எடுத்துக்கிட்டு வரல. நானும் பழக்க தோஷத்துல சட்டையக் கழட்டிட்டுக் குப்புறப் படுத்திருந்தேன். கொஞ்ச நேரம் பாத்துட்டு நானே எந்திரிச்சு சட்டைய மாட்டிக்கிட்டேன்." மறுபடி காதைச் சொறிந்தார். "காலையில அவ முழிக்கறதுக்கு முன்னாடியே கெளம்பி வந்துட்டேன். சாப்பாடும் எடுத்துக்கல."

எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. சாலையில் யாருக்கும் ஒதுங்காத ஆள், பெண்டாட்டி பேசவில்லை என்றதும் முகம் பேயறைந்த மாதிரி உட்கார்ந்திருக்கிறார். மச்சினன் பத்திரமாக வந்து சேர்ந்ததைக்கூட அவரால் நிம்மதியாக அனுபவிக்க முடியவில்லை. நான் எட்டி அவருடைய கண்ணாடியைச் சரியாகத் திருப்பி வைத்தேன். தடுக்கவில்லை.

மதியம் அதே கண்ணாடியில்தான் முதலில் பார்த்தார். நுனியில் உட்கார்ந்திருந்தவர் சட்டென்று விறைத்தார். நான் வாசலைத் திரும்பிப் பார்த்தேன். அண்ணி, கையில் சாப்பாட்டு டப்பாவோடு. அலுவலகத்துக்கு அவர் வந்தது அதுதான் முதல்முறை. நாங்கள் எல்லாரும் அவசர வேலை இருப்பது போலத் தலையைக் குனிந்துகொண்டோம். காதை மட்டும் யாரும் குனியவைக்கவில்லை.

டப்பாவை மேசையில் வைத்தார். திரையைப் பார்த்தார்.

"இதுல எது என் தம்பி?"

அண்ணன் ஒரு சிவப்புப் புள்ளியைக் காட்டினார். அது முற்றத்திலேயே நின்றுகொண்டிருந்தது. அண்ணி அதைச் சற்றுநேரம் பார்த்தார்.

"நான் தெனமும் தேய்ச்சுவிட்டேனே. முதுக எங்கிட்ட காட்டிக்கிட்டுப் படுத்திருந்தீங்களே. அப்பவாவது சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நீ பயந்துருவன்னுதான்..."

"நீங்க ஓட்டின காலம் பூரா நான் தைரியமா இருந்தேன்னு நெனச்சீங்களா?"

அண்ணன் டப்பாவின் மூடியைத் திறந்து, திரும்ப மூடினார். அண்ணியின் பார்வை நாற்காலிக்குப் போனது. அண்ணனின் முதுகுக்கும் மெத்தைக்கும் நடுவில் இருந்த இடைவெளியை, மெத்தையின் கலையாத உப்பலை, தான் போட்ட ஒட்டுகளை எல்லாம் பார்த்தார். கையை நீட்டி மெத்தையை உருவினார். எடுத்துக்கொண்டு போய்விடப்போகிறார் என்றுதான் நினைத்தேன். அண்ணனும் அப்படித்தான் நினைத்திருக்கவேண்டும், தடுக்கக் கையைத் தூக்கி, அப்படியே இறக்கிக்கொண்டார்.

அண்ணி மெத்தையை மேசை விளிம்பில் இரண்டு தட்டுத் தட்டினார். தூசி பறந்தது. ஒரு மூலையில் பிரிந்திருந்த நூலைப் பல்லால் கடித்து எறிந்தார். பிறகு அதைத் திரும்ப நாற்காலியில், முன்பிருந்ததைவிடச் சற்றுக் கீழே இறக்கி, சரியாகப் பொருத்தி வைத்தார். அண்ணனின் தோளில் கைவைத்துப் பின்னால் ஒரு அழுத்து அழுத்தினார்.

டிரைவர் அண்ணன் சாய்ந்தார்.